குப்பி எண் 53-என்

பம்பாய்ப் பிளேக் பற்றி வேறொரு வேலைக்காகப் பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் அடிக்குறிப்பில்தான் அந்த ஊரின் பெயர் முதலில் கண்ணில் பட்டது. முல்கோவால். 1902இல் அங்கே பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இறந்துபோனார்கள் என்றது குறிப்பு. பிளேக் வந்து இறக்கவில்லை. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலிலும் இறக்கவில்லை. பத்தொன்பது பேரும் ரணஜன்னியில் இறந்திருந்தார்கள்.

ரணஜன்னி என்றால் டெட்டனஸ். காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால் அன்றைக்கே போய் டி.டி. ஊசி போட்டுக்கொள் என்று வீட்டில் விரட்டுவார்களே, அந்த நோய். பிளேக் கிருமி எலியையும் தெள்ளுப்பூச்சியையும் அண்டிப் பிழைப்பது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் கிடப்பது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒன்றைத் தடுக்கப் போட்ட ஊசிக்குள் இன்னொன்று எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதன் பின்னால் போனேன்.

முதல் தடங்கல் ஊர்ப்பெயரிலேயே இருந்தது. ஓர் ஏட்டில் ‘குஜ்ராத் மாவட்டம்’ என்று இருந்ததை நான் குஜராத் என்று படித்துக்கொண்டேன். பிளேக் பம்பாயில் தொடங்கியது, மருந்து செய்த ஆய்வுக்கூடமும் பம்பாயில்தான் இருந்தது, அதனால் ஊரும் பக்கத்தில்தான் இருக்கும் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது. சூரத், பரூச், கேடா என்று மாவட்ட கெஜட்டியர்களில் வாரக்கணக்கில் தேடினேன். எங்கும் இல்லை. பஞ்சாபிலும் குஜ்ராத் என்று ஒரு மாவட்டம் உண்டு என்பது ஒரு பழைய ரயில் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஜீலம், செனாப் ஆறுகளுக்கு நடுவே மலக்வால் என்று ஓர் ஊர். இன்று அது பாகிஸ்தானில், மண்டி பஹாவுதீன் மாவட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் காதில் விழுந்தபடி முல்கோவால் என்றும் மல்கோவால் என்றும் எழுதிவைத்திருந்தார்கள். மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேட ஆரம்பித்த பிறகே காகிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

காகிதங்களுக்குள் போகுமுன் மருந்தைப் பற்றியும் அதைச் செய்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்டெமார் ஹாஃப்கின் 1860இல் ஒடெஸாவில் பிறந்த யூதர், மெச்னிகாவின் மாணவர். படித்தது விலங்கியல், மருத்துவப் பட்டம் கிடையாது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபோது 1892இல் காலராவுக்குத் தடுப்பூசி செய்து முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தவர். அடுத்த ஆண்டே இந்தியா வந்து கல்கத்தாவின் சேரிகளில் அதைப் போட்டுக்காட்டினார். 1896இல் பம்பாயைப் பிளேக் பிடித்ததும் அரசாங்கம் அவரை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைகூடமும் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில், 1897 ஜனவரி 10ஆம் தேதி, புதிய பிளேக் மருந்தில் 10 மில்லிலிட்டரைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு பைக்குல்லா சிறையில் சோதனை நடந்தது. ஆகா கான் தம் குஷ்ரு லாட்ஜ் மாளிகையை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்ததோடு, ஊரறிய ஊசியும் போட்டுக்கொண்டார். 1899இல் ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்குப் போனது. அங்கிருந்துதான் நாடெங்கும் குப்பிகள் போயின.

மருந்து செய்த விதத்தை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. இறைச்சிச் சாறு நிரம்பிய கண்ணாடிக் குடுவையின் மேற்பரப்பில் சில சொட்டு நெய் மிதக்கவிடுவார்கள். நம் அடுக்களையில் இருக்கும் அதே நெய்தான். பிளேக் கிருமி அந்த நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்து விழுதுபோலக் கீழ்நோக்கித் தொங்கித் தொங்கி வளரும். குடுவையை ஆட்டினால் விழுதுகள் அறுந்து அடியில் படியும். மேலே புது விழுது இறங்கத் தொடங்கும். இப்படி ஆறு வாரம். பிறகு 65 டிகிரி அளவில் சூடேற்றிக் கிருமிகளைக் கொல்வார்கள். அரை சதவீதம் கார்பாலிக் அமிலம் சேர்ப்பார்கள். செத்த கிருமிகள் மிதக்கும் அந்த நீர்தான் தடுப்பூசி.

1902இல் பஞ்சாப் அரசு லட்சக்கணக்கில் ஊசி கேட்டது. ஆறு வாரம் காத்திருக்க நேரமில்லை. ஹாஃப்கின் முறையை மாற்றினார். சாற்றுக்குப் பதில் அகர். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சி உறையவைத்துச் சாப்பிடுவார்களே, அந்தப் பொருள்தான். அதன் மேல் கிருமி சில நாட்களிலேயே தழைத்துவிடும். அதை நீரால் வழித்தெடுத்துச் சூடேற்றிவிட்டால் வேலை முடிந்தது. இந்தப் புதிய முறையில் கார்பாலிக் அமிலத்தை அவர் விட்டுவிட்டார். பின்னால் அவர் கழுத்தில் விழுந்த சுருக்கு இங்கேதான் முடியப்பட்டது.

இனி அந்த நாள். 1902 அக்டோபர் 30. முல்கோவாலில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஐந்து குப்பிகள் திறக்கப்பட்டன. ஊசி போட்டவர் டாக்டர் எலியட். நான்கு குப்பிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. 53-என் என்று எண்ணிட்ட ஒரே ஒரு குப்பியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும், ஒருவர் மிச்சமில்லாமல், ரணஜன்னி கண்டு இறந்தார்கள்.

ரணஜன்னி எப்படிக் கொல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. காற்றுப் படும் இடத்தில் அது வித்தாகச் சுருண்டு உறங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய குச்சியின் ஒரு முனையில் உருண்டை: தோல்மேளம் அடிக்கும் கோல் போலிருக்கும். வெயில், வறட்சி எதற்கும் அசையாது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஆழமான, காற்றுப் புகாத காயம் கிடைத்தால் முளைக்கும். முளைத்தபின் அது ஊர் சுற்றுவதில்லை, இறங்கிய இடத்திலேயே இருந்துகொண்டு நஞ்சைச் சுரக்கும். உலகில் நாம் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று அது. ஒரு மில்லிகிராமை 6,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு வளர்ந்த மனிதரைக் கொல்லப் போதும். நஞ்சு நரம்பு வழியே ஊர்ந்து தண்டுவடத்துக்குப் போகும். தசை இறுகியபின் ‘போதும், தளர்ந்துகொள்’ என்று சொல்லும் நரம்புச் செய்தியை அங்கே அடைத்துவிடும். அதன்பின் தசைக்கு இறுகத் தெரியும், தளரத் தெரியாது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். முகம் இழுத்துக்கொண்டு சிரிப்பதுபோலத் தோன்றும். பிறகு முதுகு வில்லாக வளையும். குதிகாலும் பின்தலையும் மட்டும் பாயில் படும். ஒரு கதவுச் சத்தம், கொஞ்சம் வெளிச்சம் போதும், அடுத்த இழுப்பு வந்துவிடும். இவ்வளவிலும் நினைவு தப்பாது. நோயாளிக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும்.

முளைப்பதற்கும் நஞ்சு சுரப்பதற்கும் அது நரம்பில் ஊர்ந்து போவதற்கும் நாள் பிடிக்கும். காயம் பட்டதிலிருந்து பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இந்த நாட்கணக்கைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சாவுகளை விசாரிக்க அமைத்த குழுவில் மூவர். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பாம்ஃபோர்ட், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் டேவிட் செம்பிள். மூன்றாவது பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் தலைமுறை பயந்து வளர்ந்ததே, அந்த மருந்தின் செய்முறைக்குச் செம்பிள் முறை என்றுதான் பெயர். குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் ஆட்டு மூளையிலிருந்து பல்லாண்டுகள் அதைச் செய்து தமிழ்நாடெங்கும் அனுப்பியது. வெறிநாய்க்கடி விஷத்தை அதில் கார்பாலிக் அமிலம் போட்டுத்தான் அடக்குவார்கள். செம்பிள் அந்த முறையைக் கண்டது 1911இல், விசாரணை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் கார்பாலிக்கை நம்பிய மனம் விசாரணை மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1903இல் குழு முடிவுக்கு வந்தது. முல்கோவாலில் திறக்கப்படும் முன்பே குப்பி கெட்டுப்போயிருந்தது. கார்பாலிக்கை விட்டது பெரிய தவறு. பழி பரேல் ஆய்வுக்கூடத்தின் மேல், அதாவது அதன் தலைவர் மேல் விழுந்தது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு 1904இல் இந்தியாவை விட்டுப் போனார். லண்டன் லிஸ்டர் நிறுவனத்திடமும் அரசு கருத்துக் கேட்டது. ஆனால் விசாரணைக் காகிதங்களை 1906 இறுதிவரை வெளியிடவில்லை. தன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு ஆதாரம் என்ன என்று ஊருக்குக் காட்டக்கூட வழியில்லாமல் ஒரு மனிதர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். இதை எழுதும்போது என் கை இறுகுகிறது.

காகிதங்கள் வெளிவந்ததும் அவற்றை வரி வரியாகப் படித்தவர் ரொனால்ட் ராஸ். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் வேலையைத் தொடங்கியவர். செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். முல்கோவால் நடந்த அதே 1902இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1907இல் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். புதிய சான்று எதையும் அவர் கொண்டுவரவில்லை. குழுவின் முன் சொல்லப்பட்ட சாட்சியத்தையே திருப்பிக் காட்டினார்.

அந்தச் சாட்சியம் இது. 53-என் குப்பியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். கார்பாலிக் கரைசலில் ஓர் அலசு அலசினார். அதே இடுக்கியால் அடைப்பானைப் பிடித்து இழுத்தார்.

படித்தபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறைத்து வைத்த ரகசியம் என்று ஒன்றும் இல்லை. எழுதப்பட்டு, பதிவாகி, குழுவின் கையிலேயே இருந்திருக்கிறது. பஞ்சாபின் ஒரு கிராமத்துத் தரை என்றால் மாடு கட்டிய மண், வண்டி வந்து நின்ற மண். ரணஜன்னி வித்துக்கு அதைவிடச் சொந்த வீடு வேறில்லை.

ஆனால் கரைசலில் அலசினாரே, அது போதாதா? இங்கே நான் இன்னும் 13 ஆண்டு பின்னால் போனேன். ரணஜன்னிக் கிருமியை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்தவர் கிடசாட்டோ ஷிபாசபுரோ. பெர்லினில் காக்கின் ஆய்வுக்கூடத்தில், 1889இல். அவர் செய்த உபாயம் எளியது. காயத்துச் சீழில் பல கிருமிகள் கலந்திருக்கும். மொத்தத்தையும் 80 டிகிரியில் வைத்தார். மற்றவை செத்தன; ரணஜன்னி வித்து பிழைத்தது. அதோடு இன்னொன்றையும் அளந்து பார்த்தார். 5 சதவீதக் கார்பாலிக் கரைசலில் இந்த வித்து பத்து மணி நேரம் கிடந்தும் சாகவில்லை. சாகப் பதினைந்து மணி நேரம் ஆனது.

பத்து மணி நேரத்துக்குத் தாங்கும் வித்தை ஓர் அலசல் என்ன செய்துவிடும்? நெருப்பு வேண்டும். பம்பாய் ஆய்வுக்கூடம் வகுத்திருந்த விதியும் இடுக்கியைச் சூட்டால் சுத்தம் செய்யச் சொன்னதுதான். பஞ்சாபில் பிளேக் வேலையைக் கவனித்த அதிகாரிகள் அந்த விதியை எடுத்துவிட்டுக் கார்பாலிக் அலசலே போதும் என்று ஆக்கியிருந்தார்கள். உதவியாளர் விதியை மீறவில்லை. மாற்றி எழுதப்பட்ட விதியை அப்படியே கடைப்பிடித்தார். தடுமாறிய ஒரு கையைவிட, எங்கோ ஓர் அலுவலக மேசையில் அடிக்கப்பட்ட அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பின்னால் வந்த சுருக்கங்களில் இந்த விவரம் மெல்ல உதிர்ந்துபோவதையும் கவனித்தேன். சிலவற்றில் இடுக்கியே காணாமல் போய், ‘அழுக்கு மூடி’ என்று ஆகிவிடுகிறது. விதி மாறிய கதை அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

இப்போது நாட்கணக்கு. 53-என் பரேலில் நிரப்பப்பட்டதற்கும் முல்கோவாலில் திறக்கப்பட்டதற்கும் இடையே 41 நாள். வித்து ஆய்வுக்கூடத்திலேயே உள்ளே போயிருந்தால், காற்றுப் புகாமல் அடைத்த குப்பி, உள்ளே செத்த கிருமிகளின் சத்து, வெளியே செப்டம்பர் வெயில். ரணஜன்னிக் கிருமிக்கு இதைவிட நல்ல விளைநிலம் அமையாது. 41 நாளில் அது பெருகிக் குப்பி முழுக்க நஞ்சாகியிருக்க வேண்டும். இந்தக் கிருமி வளர்ந்த நீர் நாறும். திறந்தபோது வாடை எதுவும் இல்லை என்பது எலியட்டின் வாக்குமூலம். அது மட்டுமல்ல. ஊறித் தயாரான நஞ்சை நேரடியாக ஏற்றியிருந்தால், முளைக்கவும் சுரக்கவும் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை; ஓரிரு நாளில் தாடை பூட்டியிருக்கும். முல்கோவாலில் நோய் தலைகாட்டியது ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து. புதிதாக உள்ளே போன வித்து உடம்பில் முளைத்து நோயாக எவ்வளவு நாள் ஆகுமோ, அவ்வளவு நாள். அதிகாரிகள், மருத்துவர்கள், உதவியாளர் என்று ஒவ்வொருவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. கிருமிக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் நாட்கணக்கைத்தான் நான் முதல் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கு எதிராக நிற்கும் ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. இடுக்கியில் ஒட்டிய மண் எவ்வளவு இருந்துவிடும்? அது எப்படிப் பத்தொன்பது பேருக்கும் பங்கு போயிருக்கும்? பாதிப் பேராவது தப்பியிருக்க வேண்டாமா? குழுவில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். குப்பிக்குள் முன்பே பெருகியிருந்தால்தான் ஒருவர் விடாமல் எல்லோரையும் பிடிக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றும் அவர்கள் பக்கம் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிளேக் கிருமியைக் கொன்ற சூடு ரணஜன்னி வித்தைக் கொல்லாது. 80 டிகிரியில் பிழைத்த வித்துக்கு 65 டிகிரி எம்மாத்திரம்? பரேலில் ஒரு துளி புழுதி விழுந்திருந்தால், விழுந்தது விழுந்ததாகவே இருந்திருக்கும்.

பல நாள் இதில் சிக்கிக் கிடந்தேன். என் மேசையில் ஒரு மருந்துக் குப்பியில் நீர் ஊற்றி, விரல் நுனியில் தோட்டத்து மண்ணைத் தொட்டு விட்டுப் பார்த்தேன். ஒரு சிட்டிகைகூட இல்லை. குலுக்கினேன். நீர் முழுவதும் கலங்கியது. எந்தச் சொட்டை எடுத்தாலும் அதில் மண் இருந்தது. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் செத்த கிருமி அடியில் தங்கிவிடும் மருந்தைக் குலுக்காமல் எடுக்க முடியாது. சாணம் கலந்த மண்ணின் ஒரு துகளில் வித்துகள் கூட்டமாக இருக்கும். ஆகவே பத்தொன்பது பேருக்கும் போயிருக்க வழி உண்டு. வாடையும் நாட்கணக்கும் விழுந்த இடுக்கியும் ஒரே பக்கம் சாய்கின்றன. என் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான். கார்பாலிக் விஷயத்திலோ எனக்குச் சந்தேகமே இல்லை. அரை சதவீதம் சேர்த்திருந்தால் கிருமி பெருகுவதைத் தடுத்திருக்கலாம். 5 சதவீதத்தில் பத்து மணி நேரம் தாங்கிய வித்தை அது கொன்றிருக்காது. விட்டது தவறு என்ற வாதம், இடுக்கியை அலசினால் போதும் என்ற நம்பிக்கையின் மறுபக்கம்தான்.

1907 ஜூலை 29ஆம் தேதி லண்டன் டைம்ஸ் இதழில் ஒரு கடிதம் வந்தது. ராஸ், கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த சிம்சன், அமெரிக்காவிலிருந்து சைமன் ஃபிளெக்ஸ்னர் என்று பத்துப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஹாஃப்கின் மேல் சொன்ன குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. பொய்யென்றே நிரூபணமாகிவிட்டது என்றார்கள். தரையில் விழுந்த இடுக்கியையும் கைவிடப்பட்ட விதியையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சில், பொய்க் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட டிரேஃபஸ் என்ற ராணுவ அதிகாரி குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டிருந்தார். அவரும் யூதர். இரண்டையும் சேர்த்துப் பேசியவர்கள் அன்றே உண்டு. அந்த ஆண்டு இறுதியில் அரசு ஹாஃப்கினை மறுபடி வேலைக்கு அழைத்தது. பரேலுக்கு அல்ல, கல்கத்தாவுக்கு. அங்கே தடுப்பூசி தயாரிக்கும் வசதி இல்லை. சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார், ஓய்வு பெற்றுப் போய்விட்டார். 1925இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். தன் வாழ்வின் நல்ல ஆண்டுகள் பம்பாய் வேலையில்தான் கழிந்தன என்று அவர் பதில் எழுதினார். 1930இல் லோசானில் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அந்த 1907 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் பார்க்க வேண்டும். லண்டனில் இடுக்கியைப் பற்றிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டில் பஞ்சாபில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிளேக் கொண்டுபோனது. முல்கோவாலுக்குப் பிறகு அங்கே ஊசி என்றால் ஜனங்கள் ஓடினார்கள். ஓடியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்து ஊரில் பத்தொன்பது பேர் வில்லாக வளைந்து செத்ததைக் கேள்விப்பட்டவர்கள் அவர்கள். என்ன நடந்தது என்பதை 1903லேயே சொல்லியிருந்தால், குப்பியில் குற்றமில்லை, திறந்த விதத்தில்தான் குற்றம், அதைத் திருத்திவிட்டோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் கையை நீட்டியிருப்பார்கள்? அந்தக் காகிதங்களைப் பூட்டிவைத்தவர்கள் யாரும் எந்த விசாரணைக்கும் வரவில்லை.

படித்த கட்டுரைகளிலிருந்து எடுத்த குறிப்புகளை ஒரு நாள் வரிசைப்படுத்தினேன். குப்பிக்கு எண் இருந்தது. மருத்துவருக்கு, நீதிபதிக்கு, கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு, எல்லோருக்கும் பெயர் இருந்தது. அந்தப் பத்தொன்பது பேர் என் குறிப்புகள் முழுவதும் பத்தொன்பது பேராகவே இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் சமயத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். தடுப்பூசி நாள். கர்ப்பிணிப் பெண்களும் கைக்குழந்தைகளோடு வந்தவர்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை ஒழித்துவிட்டதாக இந்தியா 2015இல் அறிவிக்கப்பட்டதென்றால், இந்தப் பெஞ்சுகளில்தான் அது நடந்தது. நர்ஸிடம் கேட்டேன்.

“சிஸ்டர், இந்தக் குப்பியை எதால திறப்பீங்க?”

அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். “இதை யாரு சார் திறப்பா? மேல இருக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் தட்டி எடுப்போம். ரப்பர் அப்படியேதான் இருக்கும். ஊசியாலேயே குத்தி எடுத்துடுவோம்.”

குப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அலுமினிய வளையம், நடுவே சாம்பல் நிற ரப்பர். உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுத்தார். ஒருமுறை போட்டால் மறுமுறை இழுக்க வராத ரகம்.

“இடுக்கி கிடுக்கி எதுவும் கிடையாதா?”

“அதெல்லாம் எதுக்கு சார்? கையே உள்ளே படக்கூடாது.”

பத்துப் பேருக்கான குப்பி அது. லேபிளில் தேதியையும் 10.40 என்று நேரத்தையும் பேனாவால் எழுதினார். ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். பிறகு பதிவேட்டில் விரலை வைத்து, அடுத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.